கடைமடைக்கும் ஓர் ஆடுகளம்

நுழையும்முன்

மண்ணிலும் கல்லிலும் ஆடப்பட்ட ஆட்டங்கள் இன்று கணினித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளன. இடம் மாறும்போது ஆட்டத்தின் உரிமையும் கை மாறுகிறதா? விலையுயர்ந்த பொறி இல்லாதோர்க்கு அந்தக் களத்தில் இடம் உண்டா? லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் கணினி விளையாட்டுகள் பெற்றுவரும் வளர்ச்சியையும், ஆடுவோர் பயன்படுத்தும் வன்பொருளின் இயல்பையும் காவிரிப் படுகையின் பின்னணியில் வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

கல்லில் கீறிய ஆடுகளம்

காவிரிப் படுகையின் வாழ்வு நெல்லோடு பிணைந்தது. நாற்று நட்டதற்கும் களை எடுப்பதற்கும் இடையிலும், அறுவடைக்குப் பிந்தைய கோடையிலும் வாய்க்கும் ஓய்வில் அங்கு ஆட்டங்கள் தழைத்தன. அவற்றுக்குக் கருவி தேடிக் கடைக்குப் போக வேண்டிய தேவை இருந்ததில்லை. பல்லாங்குழிக்கு மரப்பலகை இருந்தால் நன்று; இல்லையேல் தரையில் பதினான்கு குழிகள் போதும். சோழி கிடைக்காத வீட்டில் புளியங்கொட்டை காயாயிற்று. தாயக்கட்டை இல்லாதவர் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெண்மையாக்கி உருட்டினர். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள் தமிழகக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் கீறப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

இந்த ஆட்டங்களில் இரண்டு பண்புகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. முதலாவது, கையில் உள்ள பொருளுக்கு ஏற்ப ஆட்டம் தன்னை அமைத்துக்கொண்டது. இரண்டாவது, ஆட்டத்தின் விதிகள் ஆடுவோர் அனைவருக்கும் தெரிந்திருந்தன. ஊருக்கு ஊர் அவற்றை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. பல்லாங்குழியை எண்ணற்ற வகைகளில் ஆடும் வழக்கம் இவ்வாறே உருவானது. அந்த ஆட்டத்தை எவரும் பூட்டி வைக்கவில்லை; ஆதலால் எவரும் அதனைத் திறக்கச் சாவி தேட வேண்டியிருக்கவில்லை.

கணினி விளையாட்டுகளின் உலகில் இவ்விரு பண்புகளும் பெரும்பாலும் தலைகீழாயின. ஆட்டத்திற்கு ஏற்பப் பொறியை மாற்ற வேண்டும் என்பது அங்கு எழுதப்படாத சட்டம். புதிய ஆட்டம் வந்தால் புதிய வரைகலை அட்டை வேண்டும்; புதிய இயங்குதளம் வந்தால் புதிய கணினியே வேண்டும். ஆட்டத்தின் உள்ளமைப்போ ஆடுவோர் கண்ணுக்குத் தெரியாத மூலநிரலில் பூட்டப்பட்டிருக்கிறது. இதன் விளைவாக, ‘நல்ல ஆட்டம் ஆட நிறையப் பணம் வேண்டும்’ என்னும் எண்ணம் இளையோர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களின் சிற்றூர் மாணவர் ஒருவர் இந்த எண்ணத்தை ஏற்றுக்கொண்டால், தாம் அந்தக் களத்திற்கு உரியவர் அல்லர் என்றே முடிவு செய்வார். அம்முடிவு தவறானது என்பதை லினக்ஸின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

ஊர்கூடி உருவாக்கிய தளம்

கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று பணிகளை ஒழுங்குசெய்யும் மென்பொருள் இயங்குதளம் எனப்படும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் விண்டோஸ் என்னும் வணிக இயங்குதளம் உள்ளது. அதற்கு மாற்றான லினக்ஸின் வரலாறு 1991இல் தொடங்குகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிய இயங்குதளக் கருவை அவ்வாண்டு உலகிற்கு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் இணைந்தே இன்றைய லினக்ஸ் இயங்குதளங்கள் உருவாயின.

கட்டற்ற மென்பொருள் என்பது விலையில்லாத மென்பொருள் என்று மட்டும் பொருள்படாது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளமைப்பைப் படித்தறியலாம், திருத்தலாம், பிறர்க்கும் பகிரலாம் என்னும் நான்கு உரிமைகளை அது வழங்குகிறது. பல்லாங்குழியின் விதிகளில் ஊருக்கு இருந்த உரிமையை இது நினைவூட்டும்.

காவிரிப் படுகை மக்களுக்கு இம்முறை புதியதன்று. ஆற்று நீர் வருவதற்கு முன் வாய்க்கால்களையும் ஏரி குளங்களையும் பயன்பெறுவோரே கூடித் தூர்வாரும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது மரபு. அந்நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்துக் கடைமடை வயலை அடைய வேண்டுமாயின் இடையிலுள்ள ஒவ்வொரு வாய்க்காலும் பேணப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் தம் வயலுக்கு எதிரே வெட்டிய மண், கீழே உள்ள அனைவரது வயலுக்கும் வழி திறக்கிறது. லினக்ஸிலும் ஒருவர் தம் தேவைக்காகச் செய்த திருத்தம் உலகெங்கும் உள்ள பயனர்களைச் சென்றடைகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. தலைமடையில் மிகுதியாக எடுத்தால் கடைமடையில் நீர் குறையும். மென்பொருளோ எத்தனை பேர் எடுத்தாலும் குறைவதில்லை. ஆதலால் இங்குக் கடைமடை வறள்வதற்கு இயற்கை காரணமாக இருக்க முடியாது. பூட்டுகளே காரணமாக இருக்க முடியும்.

பாலம் அமைத்தவர்கள்

இத்தகைய உரிமைகள் இருந்தும் நெடுங்காலம் விளையாட்டு விரும்புவோர் லினக்ஸ் பக்கம் வரவில்லை. பெருநிறுவனங்கள் தம் ஆட்டங்களை விண்டோஸுக்காகவே எழுதின. ஆட்டங்கள் இல்லாததால் ஆடுவோர் வரவில்லை. ஆடுவோர் வராததால் ஆட்டங்கள் எழுதப்படவில்லை. இந்தச் சுழலை உடைக்கும் முயற்சி 1993இல் ‘வைன்’ என்னும் திட்டமாகத் தொடங்கியது. விண்டோஸ் செயலி கேட்கும் பணிகளை லினக்ஸ் புரிந்துகொள்ளும் பணிகளாக மாற்றித் தருவது அதன் நோக்கம். இருவர்க்கிடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரோடு அதனை ஒப்பிடலாம்.

இணையவழியில் கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். அது 2013இல் தன் தளத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2015இல் லினக்ஸில் இயங்கும் விளையாட்டுக் கணினிகளும் சந்தைக்கு வந்தன. ஆனால் அவற்றில் ஆடத்தக்க ஆட்டங்கள் குறைவாக இருந்தமையால் வரவேற்புப் பெறவில்லை. அத்தோல்வி ஒரு பாடமாயிற்று. வைனை அடித்தளமாகக் கொண்டு ‘புரோட்டான்’ என்னும் மென்பொருளை 2018 ஆகஸ்டில் அந்நிறுவனம் வெளியிட்டது. வரைகலைக் கட்டளைகளை மொழிபெயர்க்கும் அதன் முதன்மைப் பகுதி, நிரலாளர் ஒருவர் தாம் விரும்பிய ஆட்டத்தை லினக்ஸில் ஆட இயலாமையால் தொடங்கிய தனி முயற்சியில் பிறந்ததாகும். அதன்பின் விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் எம்மாற்றமும் இன்றி லினக்ஸில் இயங்கத் தொடங்கின.

2022 பிப்ரவரியில் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கணினி வெளிவந்தது. அதன் இயங்குதளம் லினக்ஸ். அதனை வாங்கியோரில் பலர் தாம் லினக்ஸைப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்கவும் தேவையின்றி ஆடினர். ஸ்டீம் தளம் மாதந்தோறும் நடத்தும் கணக்கெடுப்பில் 2018ஆம் ஆண்டு லினக்ஸ் பயனர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தனர். 2025 அக்டோபரில் அவ்வளவு 3 விழுக்காட்டைக் கடந்தது. எண்ணிக்கை இன்னும் சிறியதே. ஆயினும் கோடிக்கணக்கானோர் கூடும் ஒரு தளத்தில், ‘லினக்ஸில் ஆட இயலாது’ என்னும் பழைய முடிவு உடைந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகும்.

ஆடுவோர் கையில் உள்ள பொறிகள்

ஆடுவோர் பயன்படுத்தும் வன்பொருளை உற்றுநோக்கினால் இன்னொரு மயக்கமும் நீங்கும். விளம்பரங்களில் காணப்படும் உச்சநிலை வரைகலை அட்டைகள் பெரும்பான்மையோர் வீட்டில் இல்லை. உலக அளவிலேயே நடுத்தர விலையுள்ள அட்டைகளும் 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட திரைகளுமே மிகுதியாகப் பயன்படுகின்றன. ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் உயர்நிலை அட்டை ஒன்று மட்டும் 450 வாட் வரை மின்சாரம் இழுக்கக்கூடியது. பழைய வகைக் கூரை மின்விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 75 வாட் தேவை என்று கொண்டால், அது ஆறு மின்விசிறிகளுக்கு ஈடாகும். ஸ்டீம் டெக்கின் செயலியோ, வரைகலைப் பகுதியையும் சேர்த்து, 15 வாட் அளவிலேயே பணியாற்றுகிறது. சிறிய திரை, அளவான படத்தெளிவு, நன்கு செதுக்கப்பட்ட மென்பொருள் ஆகிய மூன்றும் சேரும்போது எளிய பொறியும் நல்ல ஆடுகளமாகிறது.

லினக்ஸில் ஸ்டீம் தளத்தைப் பயன்படுத்துவோரில் பெரும்பான்மையோரின் கணினிகளில் ஏஎம்டி நிறுவனச் செயலிகள் உள்ளன. ஸ்டீம் டெக்கில் இருப்பதும் அந்நிறுவனச் செயலியே என்பது ஒரு காரணம். மற்றொன்று திறந்த தன்மையோடு தொடர்புடையது. வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் சிறு மென்பொருள் இயக்கி எனப்படும். ஏஎம்டி, இன்டெல் ஆகிய நிறுவனங்களின் வரைகலை இயக்கிகள் திறந்த மூலநிரலாகவே லினக்ஸுடன் வருகின்றன. நெடுங்காலம் தன் இயக்கியை மூடியே வைத்திருந்த என்விடியா நிறுவனமும் 2022இல் அதன் ஒரு பகுதியைத் திறந்து வெளியிட்டது. இயக்கி திறந்திருந்தால், பொறியைச் செய்த நிறுவனம் அதனைக் கைவிட்ட பின்னரும் பயனர்கள் கூடி அதனை இயங்கச் செய்யலாம். ஒரு வன்பொருளின் ஆயுளை முடிவு செய்வது அதன் உலோகம் மட்டுமன்று. அதன் மூலநிரல் யார் கையில் உள்ளது என்பதும் ஆகும்.

> தெரியுமா?
> 1993இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் கணினி விளையாட்டின் மூலநிரலை அதனை உருவாக்கிய நிறுவனம் 1997இல் வெளியிட்டது. ஆர்வலர்கள் அதனைக் கணக்கிடும் கருவி, அச்சுப்பொறி முதலிய எதிர்பாராத பொறிகளிலும் இயங்கச் செய்துள்ளனர். மூலநிரல் திறந்திருப்பதால் அந்த ஆட்டம் தான் பிறந்த கணினிகள் மறைந்த பின்னரும் வாழ்கிறது.

இரு வாயில் கொண்ட மடிக்கணினி

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் தனி இடம் உண்டு. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளிலேயே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதி அதில் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரு வாயில்கள் இருந்தும் பழக்கம் ஒரு வாயிலின் பக்கமே இழுத்தது. பழுதுபார்க்கும் கடைக்காரர் அறிந்தது விண்டோஸ். நண்பர்கள் பகிர்ந்த ஆட்டங்களும் விண்டோஸுக்கு உரியவை. இரண்டாம் வாயிலுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவோர் குறைவு. 2018இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையும் ஓப்பன் ஆபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருளும் இடம்பெற்றது நல்ல தொடக்கம். ஆயினும் தேர்வுக்காகப் படிப்பது ஒன்று; விரும்பித் திறந்து பார்ப்பது மற்றொன்று. மாணவர் ஒருவர் கணினியை விரும்பித் திறக்கும் முதற்காரணம் பெரும்பாலும் விளையாட்டே. அந்த விருப்பம் இரண்டாம் வாயிலின் பக்கம் திருப்பப்பட்டிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

அவ்வாய்ப்பு இன்னும் கடந்துவிடவில்லை. இப்போதுதான் அது கூர்மையடைந்துள்ளது. விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018க்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. 2 அல்லது 4 ஜிபி நினைவகம் கொண்ட, தனி வரைகலை அட்டை இல்லாத பழைய அரசு மடிக்கணினிகள் பலவற்றுக்கு அந்த வாயில் மூடிவிட்டது. பொறி பழுதடையாமலே பயனற்றதாக அறிவிக்கப்படுகிறது. கடைமடைக்கு நீர் வராதபோது வயலைக் குறை சொல்வது போன்றது இது.

எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால் அத்தகைய மடிக்கணினிகளில் பல மீண்டும் எழும். உயர்நிலை வணிக ஆட்டங்களை அவை தாங்கமாட்டா. ஆனால் படைகளை நகர்த்திச் சிந்தித்து ஆடும் ‘வெஸ்நாத்’, சிறுவர்க்கான கல்வி விளையாட்டுகளின் தொகுப்பாகிய ‘ஜிகாம்ப்ரிஸ்’ முதலியவற்றை அவற்றுள் பல தாங்கும். சற்றே கூடுதல் திறனுள்ள பொறிகளில் ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’ என்னும் வண்டிப் பந்தயமும், கட்டைகளை அடுக்கி உலகம் அமைக்கும் ‘லுவான்டி’யும் ஓடும். இவை அனைத்தும் விலையின்றிக் கிடைப்பவை, மூலநிரலும் திறந்தவை.

பூவனூர் தரும் சான்று

எளிய வன்பொருளில் சிறந்த ஆட்டம் இயலுமா என்னும் ஐயத்திற்குச் சதுரங்கம் விடை தருகிறது. திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் உள்ளது. இறைவன் மாற்றுருவில் வந்து, சதுரங்கத்தில் வல்லவளான அரசகுமாரியை ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் பிறந்ததும் இப்படுகையிலுள்ள மயிலாடுதுறையிலேதான்.

இன்று உலகின் மிக வலிமையான சதுரங்க மென்பொருள்களுள் முதன்மையானது ‘ஸ்டாக்ஃபிஷ்’. 2008இல் தோன்றிய அது முழுமையான கட்டற்ற மென்பொருள். ஒருவர் அதில் புதிய திருத்தம் ஒன்றை முன்மொழிந்தால், பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிடப்படுகின்றன. புதியது மேம்பட்டது என்று உறுதியானால்தான் அத்திருத்தம் ஏற்கப்படும். இந்த ஆட்டங்களை நடத்த உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை 2013 முதல் வழங்கி வருகின்றனர். கணினி உலகின் குடிமராமத்து என்று இதனைத் தயக்கமின்றிக் கூறலாம்.

2017இல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாசீரோ, ஸ்டாக்ஃபிஷை வென்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதன் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான சிறப்புச் செயலிகள் பயன்பட்டன. பணபலமும் பொறிபலமும் உள்ளவர்க்கே இனி வெற்றி என்று தோன்றிய காலம் அது. ஆனால் சாதாரணச் செயலியிலேயே விரைந்து இயங்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறை ஒன்றை ஜப்பானின் யூ நாசு 2018இல் அந்நாட்டுச் சதுரங்கமாகிய சோகிக்காக வடிவமைத்தார். ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் அதனை ஏற்று 2020இல் தம் மென்பொருளில் இணைத்தனர். அதன் ஆற்றல் பெரிதும் உயர்ந்தது. தனி வரைகலை அட்டையும் தேவைப்படவில்லை. பூவனூர் மாணவர் தம் பழைய மடிக்கணினியில் உலகின் தலைசிறந்த சதுரங்க ஆசானோடு இன்று ஆடலாம். அந்த ஆசான் எப்படிச் சிந்திக்கிறது என்பதையும் திறந்து பார்க்கலாம்.

மறுபக்கம்

லினக்ஸைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைக்கலாகாது. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் புகழ்பெற்ற ஆட்டங்கள் சில அதில் இயங்குவதில்லை. ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்க அவை இயங்குதளத்தின் ஆழத்தில் அமர்ந்து கண்காணிக்கும் மென்பொருளை நாடுகின்றன. லினக்ஸில் அதற்கு அவற்றின் நிறுவனங்கள் இசையவில்லை. ஃபோர்ட்நைட், வாலரண்ட் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். நண்பர்கள் அனைவரும் ஆடும் ஆட்டத்தில் தாம் மட்டும் சேர இயலாமை இளையோர்க்குச் சிறு குறையன்று.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. லினக்ஸில் விளையாட்டு பரவியதற்குப் பெருங்காரணம் ஒரே வணிக நிறுவனத்தின் முதலீடு. புரோட்டான் வழியாக ஓடும் ஆட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் பூட்டப்பட்டவையே. களம் பொதுவாயிற்று, ஆட்டம் பொதுவாகவில்லை. 2014இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்னும் பந்தய ஆட்டத்தின் சேவையகங்களை அதன் நிறுவனம் 2024இல் நிறுத்தியபோது, விலைகொடுத்து வாங்கியவர்களும் அதனை ஆட இயலாமற்போயினர். கல்லில் கீறிய ஆடுபுலிக் கட்டத்திற்கு அந்நிலை நேர வாய்ப்பில்லை. எனவே லினக்ஸ் பயனர்களின் விழுக்காடு உயர்வது மட்டுமே வெற்றியாகிவிடாது. ஆடுவோருள் எத்தனை பேர் ஆட்டத்தைத் திறந்து பார்க்கவும் ஆக்கவும் கற்றனர் என்பதே உண்மையான அளவுகோல்.

விளையாட்டே மாணவரின் பொழுதை விழுங்கிவிடும் என்னும் பெற்றோரின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் குடும்பங்களைச் சிதைத்தமையால் அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை நடுவண் அரசு 2025இல் இயற்றியது. எந்த இயங்குதளமும் அளவறிந்து ஆடும் பண்பைத் தானே தந்துவிடாது. ஆயினும் ஆடுவோரை ஆட்டத்திலேயே கட்டிப்போடும் உத்திகள் பூட்டிய நிரலுக்குள்தான் எளிதில் ஒளிந்திருக்கும். திறந்த நிரலில் ஒளிவதற்கு இடம் குறைவு.

தூர்வார வேண்டிய காலம்

தமிழக அரசு தன் 2025–2026 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. புதிய பொறிகள் வருவது மகிழ்ச்சிக்குரியது. முன்னைய தவறு மீண்டும் நேராமலிருக்க, பொறியோடு வழிகாட்டலும் வர வேண்டும். பழைய பொறிகளும் பரணில் கிடக்கக் கூடாது.

படுகையின் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் கணினி விளையாட்டு மன்றம் ஒன்று அமையலாம். முன்னாள் மாணவர்களின் பழைய மடிக்கணினிகளைப் பெற்று, தூசு துடைத்து, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் நிறுவுவது அதன் முதற்பணியாகலாம். வன்பொருளைப் பற்றிய சிறந்த பாடம் ஒரு கணினியைக் கையால் திறக்கும்போதே கிடைக்கும். விளையாட்டுகளில் வரும் சொற்களைத் தமிழாக்குவது அடுத்த பணி. அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நல்ல தமிழ் தெரிந்திருந்தால் போதும். மூன்றாவது பணி ஆக்கம். 2014இல் கட்டற்றதாக வெளியிடப்பட்ட ‘கோடோ’ என்னும் விளையாட்டு உருவாக்கக் கருவி எளிய கணினிகளிலும் இயங்கக்கூடியது. ஆடுபுலி ஆட்டத்தையும் பல்லாங்குழியையும் அதில் வடிக்க இயலும். பாட்டி அறிந்த விதிகளைக் கேட்டெழுதாமல் பேத்தி அந்நிரலை எழுத முடியாது. இரு தலைமுறைகள் ஒரே ஆட்டத்தின்முன் மீண்டும் அமர அது வழிவகுக்கும்.

ஆட்டத்தின் சிறப்பைப் பொறியின் விலை முடிவு செய்வதில்லை என்பதைப் பல்லாங்குழி முன்பே காட்டியது. லினக்ஸ் அதனை இன்று மீண்டும் மெய்ப்பித்துள்ளது. காவிரிப் படுகையின் வீடுகளில் பொறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உலகளாவிய மென்பொருள் ஆற்றில் நீரும் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையிலுள்ள வாய்க்காலில் படிந்த வண்டல், ‘இது நமக்கு உரியதன்று’ என்னும் எண்ணமே. அதனைத் தூர்வாரும் பணியை வேறெவரும் வந்து செய்யப்போவதில்லை. குடிமராமத்தில் மண்வெட்டி எடுப்பவர் பயன்பெறுவோரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஆடப்படும் மரபு விளையாட்டு ஒன்றின் விதிகளை மூத்தோரிடம் கேட்டறிந்து, அதனைக் கணினி விளையாட்டாக மாற்றும் முறையை வரைபடத்துடன் விளக்குக.
2. ‘குடிமராமத்தும் கட்டற்ற மென்பொருளும்’ என்னும் தலைப்பில், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைச் சுட்டி வகுப்பறையில் உரை நிகழ்த்துக.
3. ‘விலைகொடுத்து வாங்கிய கணினி விளையாட்டு வாங்கியவர்க்கே உரியதா?’ – இருதரப்பாகப் பிரிந்து கலந்துரையாடுக.